எண்ணும் ஆயுளும்

ஈரல் இறுகும் நோய் குடிகாரரின் நோய் என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் ஊறிக் கிடக்கிறது. காத்தான்குடியில் அது இரட்டைத் துன்பம். மதுவின் வாடையையே அறியாத என் சாச்சிக்கு அந்நோய் கண்டபோது, அதன் பெயரை அயலாரிடம் சொல்ல வீட்டார் கூசினர். "வயிற்றில் நீர்" என்பதோடு நிறுத்திக்கொண்டனர். உண்மையில், இருபது ஆண்டுகளாக அவரை ஆட்டிவைத்த நீரிழிவும் ஈரலிற் படிந்த கொழுப்புமே காரணம். இஃது அபூர்வமன்று. 2007இல் ராகமைப் பகுதியில் களனிப் பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 3000 பேரைப் பரிசோதித்தபோது, மூவரில் ஒருவருக்குக் குடியோடு தொடர்பற்ற கொழுப்பு ஈரல் இருக்கக் கண்டனர்.

சாச்சி வைத்தியரிடம் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு காலம், டொக்டர்?" மரணபயத்தால் எழுந்த கேள்வியென எண்ணிவிடாதீர்கள். நம்மூரில் வீடு பெண்ணுக்கு உரியது. கடைசி மகளின் வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை.

இக்கேள்விக்கு விடை கூற விஞ்ஞானம் ஓர் எண்ணைத் தந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் வெளியிட்ட 'மெல்ட்' என்னும் கணக்கு அது. இரத்தத்திலுள்ள பிலிருபின், கிரியற்றினின், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றிலிருந்து 6 முதல் 40 வரை ஓர் எண் பிறக்கும். அடுத்த மூன்று மாதங்களில் மரணம் நேரும் வாய்ப்பை அது காட்டும். 2002 முதல் அந்நாட்டில் மாற்று ஈரலுக்குக் காத்திருப்போரின் வரிசையையும் அதுவே தீர்மானித்தது. ஆனால் கிரியற்றினின் தசையின் அளவைப் பொறுத்தது. பெண்ணுக்குப் பெரும்பாலும் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் ஆணுக்குப் போலவே பழுதுபட்டாலும் அவளுடைய எண் தாழ்ந்தே நின்றது, வரிசையில் அவள் பின்தள்ளப்பட்டாள். இதை ஈடுசெய்யப் பெண்ணுக்குப் புள்ளி கூட்டும் திருத்தம் அங்கு நடைமுறைக்கு வந்தது 2023இல்! கணக்கு பாரபட்சம் அறியாது என்று நம்புவோர் இதைச் சற்றே சிந்திக்கட்டும்.

சாச்சியோ, பரிசோதனைக்கெனக் கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய பணத்திற் சீமெந்து வாங்கினார். கூரை ஏறியது, நோய் முற்றியது. அந்தச் சீமெந்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

முன்னறிய வேண்டிய காலம் வயிறு வீங்கிய பின்னரன்று. வயது, ஈரல் நொதியங்கள் இரண்டு, இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கை – இந்நான்கையும் கொண்டு, ஈரல் இறுகத் தொடங்கிவிட்டதா எனப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊகிக்க உதவும் எளிய கணக்கொன்று 2006 முதல் இருக்கிறது. பெருஞ்செலவுமில்லை.

சாச்சியின் மூத்த மகளுக்கும் இப்போது நீரிழிவு. அவளுடைய கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். நான்கில் வயது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.