முப்பது நாள் கெடு

என் பெரியப்பா அரியலூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 34 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். எண்பதைத் தொடும் வயதில் தம் நினைவுகளைக் கணினியில் எழுதத் தொடங்கினார். வாரம் தவறாமல் பெரம்பலூருக்கு, எனக்கு, இரண்டு மூன்று பக்கங்கள் வந்துவிடும். ஆடியில் அது நின்றது. உடம்புக்கு முடியவில்லையோ என்று எண்ணிக்கொண்டேனே தவிர, போய்ப் பார்க்கவில்லை. ஆவணி பாதியில் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். "பொட்டியத் தொறக்கவே மாட்டேங்குறாருப்பா. ஆளுங்க பேரெல்லாம் வேற மறந்து மறந்து போவுது."

சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அரியலூர் போய்ச் சேர்ந்தேன். கணினியைத் திறந்ததும், அவர் தமிழில் தட்டெழுதப் பயன்படுத்தும் மென்பொருள் (பெயர் வேண்டாம்) சோதனைக்காலம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. ஆனியில் பேரன் கணினியைத் துடைத்துவிட்டுப் பழைய குறுந்தகட்டிலிருந்து அதை மறுபடி நிறுவியிருக்கிறான். அன்றிலிருந்து 30 நாள் கெடு.

தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கலாமா என்றேன். "வருகைப் பதிவேட்டுல அப்படிப் பண்ணுன வாத்தியாரு ஒருத்தர எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா. "காலம் முடிஞ்சுதுன்னு அவனே சொல்றான். அதுக்கப்புறம் தொட்டா திருட்டு இல்லையாடா?" இத்தனை வாரமும் அவர் கணினியைத் தொடாததன் காரணம் அதுதான்.

கைபேசியில் தேடினேன். அந்த மென்பொருளை அதன் ஆசிரியர் பல ஆண்டுகளுக்கு முன்பே இலவசமாக்கிவிட்டார். கெடுவை நீக்கும் திறவுச்சொல்லையும் தம் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் குறுந்தகட்டில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. நிறுவிய நாளைக் குறித்துக்கொண்டு விரல்விட்டு எண்ண மட்டுமே அதற்குத் தெரியும். எசமான் மனம் மாறிய செய்தி அதற்கு எட்டவில்லை.

இப்படி விடுதலை பெற்றவை வேறும் உண்டு. நம் எ-கலப்பை தொடக்கத்தில் கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளின் மேல்தான் ஓடியது. லாவோ மொழிக்காக 1993இல் எழுதப்பட்டு, நெடுங்காலம் விலைக்கு விற்கப்பட்டது கீமேன். 2015இல் எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் கைக்கு வந்து இலவசமானது. 2017இல் மூல நிரலையும் திறந்துவிட்டார்கள். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது ஆண்டுகளாக விளக்கிக்கொண்டிருக்கிறார். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. பெரியப்பாவின் மென்பொருள் இலவசம் மட்டுமே.

ஆசிரியரின் அறிவிப்பை முழுதும் வாசிக்கச் சொன்னார். பணம் கேட்கவில்லையே என்று இருமுறை உறுதி செய்துகொண்ட பிறகு சிரித்தார். "எங்க ஜில்லாவே ஒருதரம் காலாவதி ஆனதுதானேடா." உண்மைதான். 2001 சனவரியில் பிறந்த அரியலூர் மாவட்டம் அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில்தான் மீண்டும் உயிர் பெற்றது. அந்த இடைக்காலத்தில் கையெழுத்துக்காகப் பெரம்பலூருக்கு அலைந்ததை அரைமணி நேரம் சொன்னார்.

திறவுச்சொல்லோடு பயனர் பெயரும் கேட்டது. தமிழ் இன்னும் விழாததால் வேண்டாவெறுப்பாக ஆங்கிலத்தில் தம் பெயரைத் தலைப்பெழுத்தோடு தட்டினார். அறிவிப்பு மறைந்தது.

பாதியில் நின்ற பக்கத்தைத் திறந்தோம். மாணவர்களைச் சாத்தனூர்க் கல்மரம் பார்க்க அழைத்துப்போன நாள் அது. 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம், பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. இவையெல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில், நல்ல மழையென்றும், பிள்ளைகளைக் கரைசேர்த்தது உடன் வந்த இன்னொரு ஆசிரியர் என்றும் இருந்தது. அடுத்து அவர் பெயர் வரவேண்டும்.

பெரியப்பா விசைமேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"போன மாசம் தெரிஞ்சிருந்துச்சுடா" என்றார். பிறகு, "புள்ளி வச்சிட்டுப் போ, வந்தா எழுதிக்கலாம்" என்றார்.

ஐந்து புள்ளிகள் வைத்தேன்.