முப்பது சென்ட்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல மக்களே. பரீட்சை, பனி, பார்ட் டைம் வேலைன்னு சொல்லிக்கலாம். உண்மைக் காரணம் போக்கர். (அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதுறேன்.)

ஊர்ல 2025 ஆகஸ்ட்ல காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கெல்லாம் தடைச் சட்டம் வந்துச்சு. இங்க ஒன்டாரியோவுல நேர் எதிர். 2022 ஏப்ரல் 4-லேருந்து தனியார் தளங்களுக்கும் அனுமதி, 19 வயசு ஆனா போதும். நான் உட்கார்ந்தது 5 சென்ட், 10 சென்ட் மேசை. சில்லறைதானேன்னு நினைச்சேன். ரெண்டு மாசத்துல 140 டாலர் காலி. மணிக்கு 17.60-ன்னா, எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே கப் கழுவின காசு.

ஓட்டை எங்கன்னு காட்டினது மேல்வீட்டு அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்கார்பரோவுல இருபது வருஷம். போக்கர் தெரியாது, 304 மட்டும்தான். துணி துவைக்க பேஸ்மென்டுக்கு வந்தவர், இருபது நிமிஷம் என் பின்னால நின்னு பார்த்தார்.

"தம்பி, நல்ல சீட்டு வந்தா அம்பது சதம் போடுறாய். சும்மா சீட்டுக்கு இருவது. 304-ல கூட்டாளிக்கு விளங்கட்டும் எண்டு கேள்வி கேக்கிறது. இங்க உனக்கு ஆர் கூட்டாளி?"

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. என் 50-ஐப் பார்த்தா எல்லாரும் ஓடிடுவாங்க. ரெண்டு ஏஸ் வச்சுக்கிட்டு 15 சென்ட் ஜெயிப்பேன். 20-ஐப் பார்த்தா ஏறி மிதிப்பாங்க.

அப்புறம்தான் பேப்பர் பேனா எடுத்தேன். நடுவுல கட்டாயக் காசு 15 சென்ட் கிடக்கு. அதை மட்டும் அள்ளணும்னு 30 போட்டா, மூணுல ரெண்டு தடவை எல்லாரும் சீட்டைக் கவிழ்க்கணும், இல்லேன்னா நட்டம். 25 போட்டா 62.5 சதவீதம் போதும். ஆனா மலிவுக்கு ஒரு விலை இருக்கு. ஏற்கனவே 10 கட்டினவன் இன்னொரு 15 போட்டு உள்ள வந்துடுவான். 55-க்கு 15, அதாவது 27 சதவீதம் ஜெயிச்சாலே அவனுக்குக் கட்டும். நான் 30 போட்டா அவனுக்கு 31 வேணும்.

இதே டொரான்டோவுல 1974-ல பிறந்த டேனியல் நெக்ரானு, ரெண்டரை மடங்கு போட்டு நிறைய கை ஆடுற 'ஸ்மால் பால்' முறையைப் பரப்பினவர். அவர் மூணு சீட்டு விரிஞ்சப்புறம் எதிராளி மூஞ்சியப் பார்த்தே கதை சொல்ற ஆளு. என் திரையில மூஞ்சியே கிடையாதே! அதுவும் சில்லறை மேசையில எல்லாரும் 'பார்ப்போமே'ன்னு வர்ற கூட்டம். அதனால எனக்கு 30. ஏஸ் வந்தாலும் 30, எட்டு-ஏழு வந்தாலும் 30. முன்னாடி யாராவது வெறும் பத்தோட நுழைஞ்சிருந்தா தலைக்கு இன்னொரு பத்து.

கணக்குல 48 டாலர் மிச்சம் இருந்துச்சு. அது தீர்ந்தா கடையச் சாத்திடறேன்னு அண்ணாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். நேத்து ராத்திரி ரெண்டு ஏஸ். 30 போட்டேன். ஒரு மகராசன் ஏழு-நாலோட வந்து ரெண்டு ஜோடி அடிச்சு பத்து டாலரையும் வாரிட்டுப் போனான். நான் போட்ட சத்தத்துல அண்ணா படியில பாதி தூரம் இறங்கிட்டார்.

"எவ்வளவு போட்டனீ?"

"முப்பதுதான் அண்ணா."

"அப்ப சரி. போய்ப் படு."