நேற்று ரெண்டு, இன்று மூணு

எங்கள் தெருக்கோடியில் ஒரு நீண்ட மதில் இருக்கிறது. ஒற்றைச் சக்கர சைக்கிளை நான் பழகியது அதைப் பிடித்துக்கொண்டுதான். குரங்குப் பெடல் போட்டு இரண்டு சக்கரத்தை வசப்படுத்தியவனுக்கும் இது புது வித்தை. இதில் பெடல் நேரே சக்கரத்தின் அச்சோடு இணைந்திருக்கிறது, ஃப்ரீவீல் கிடையாது. கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே போகும். முதல் வாரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தேன்.

“உன்னால முடியும்” என்று பலர் சொன்னார்கள். அவர்கள் அன்பு பெரிது. ஆனாலும் மறுநாள் என்னை மதிலோரம் வரவைத்தது வேறொரு சொல். அங்கே வண்டி போட்டு இஸ்திரி போடும் அண்ணன் ஒருநாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “நேத்து ரெண்டு மிதி தம்பி. இன்னிக்கு மூணு.”

விழுந்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மிதித்ததை எண்ணியிருக்கிறார். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர் போகும். ஒரு சுற்றுக்கு இரண்டு மிதி. அப்படியானால் அன்று நான் 80 சென்டிமீட்டர் கூடுதலாகப் போயிருந்தேன். அது எனக்கே தெரியாமல் இருந்தது.

இப்போது அதே மதிலோரம் பிள்ளைகள் பழக வருகிறார்கள். ஷூ கயிற்றை உள்ளே செருகச் சொல்வேன். பெடலில் சிக்கினால் ஆபத்து. உடம்பின் பாரத்தைப் பெடலில் போடாமல் சீட்டில் இறக்கச் சொல்வேன். சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் எதிரே தூரத்தில் பார்க்கச் சொல்வேன். தடுமாறினால் சைக்கிளைக் காப்பாற்றப் போகாமல் விட்டுவிட்டுக் காலை ஊன்றச் சொல்வேன். நான் யாரையும் பிடிப்பதில்லை. என் கையை நீட்டுகிறேன்; பிடிப்பதும் விடுவதும் அவர்கள் பாடு. ஜப்பானில் பல தொடக்கப் பள்ளி மைதானங்களில் இந்த சைக்கிள்கள் இருக்கின்றன. அங்கும் பிள்ளைகள் இரும்புக் கம்பியைப் பற்றித் தொடங்கி, தோழர் கைக்கு மாறி, பிறகே தனியே போகிறார்கள்.

எட் பிராட் என்ற ஆங்கிலேய இளைஞர் 2015இல் கிளம்பி, ஒற்றைச் சக்கரத்திலேயே உலகைச் சுற்றி, 2018இல் ஊர் திரும்பினார். அவ்வளவு தூரமும் ஒவ்வொரு மிதியாகக் கடந்ததுதான்.

உங்கள் தெருவில் யாராவது பழகினால் கொஞ்சம் நின்று பாருங்கள். எத்தனை மிதி என்று எண்ணுங்கள். மறுநாள் அந்தப் பக்கம் போகும்போது நேற்றைய கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள்.