165 ஹெர்ட்ஸும் ஒரு பச்சைப் புள்ளியும்

"சார், பையன் கேமிங் மானிட்டர் வேணும்னு உயிரை எடுக்கறான். எது வாங்கலாம்?"

வீட்டுக்கடன் வட்டி எவ்வளவுன்னு என்கிட்ட கேக்கறவங்களுக்கு சமமா இப்ப இந்தக் கேள்வியும் வருது. எங்க வீட்ல ஒண்ணு இருக்குங்கறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அது போக தெரிஞ்சவங்க வீட்டுல மூணு இருக்கு. எங்க கட்டடத்துலயே ரெண்டாவது மாடில ஒரு கோயமுத்தூர்க்காரர், தில்லில என் சித்தப்பா பையன், மும்பைலேர்ந்து இந்தூருக்கு மாத்தல் ஆகிப் போன ஒரு மதுரைக்காரர். நாலும் பன்னெண்டாயிரத்துக்கு மேல, இருபதாயிரத்துக்குள்ள வாங்கினது. நாலு வீட்டு அனுபவத்தையும் சேர்த்து எழுதிட்டா ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்ற வேலை மிச்சம்.

மாடல் பேரெல்லாம் சொல்லப் போறதில்ல. இந்த விலைல மாடல்கள் வருஷா வருஷம் மாறிடுது. தொல்லைகள் மட்டும் மாறறதில்ல.

எங்க கதைலேர்ந்து ஆரம்பிக்கறேன். ஜூனியர் பொங்கலுக்கும் பொறந்தநாளுக்கும் தாத்தா பாட்டிங்க குடுத்ததைச் சேர்த்து ஒம்பதாயிரம் வெச்சிருந்தான். "நீ எவ்வளவு போடறியோ அதே அளவு நானும் போடறேன்"னு சொல்லியிருந்தேன். (மார்ஜின் மணி இல்லாம எந்தக் கடனும் கெடையாது, பெத்த புள்ளையா இருந்தாலும்.) லேமிங்டன் ரோடுல நாலு கடை ஏறி இறங்கினோம். தெரியாதவங்களுக்காக: நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி மும்பைக்கு அது. வெலையைப் பாத்துட்டு கடைசில இணையத்துல ஆர்டர் பண்ணோம். 24 இஞ்ச், 1920க்கு 1080, ஐபிஎஸ் பேனல், 165 ஹெர்ட்ஸ். 32 இஞ்ச் வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், 2019 ஜனவரிலேர்ந்தே. அதுக்கு மேல இருந்த பெரிய திரைகளுக்கும் 28லேர்ந்து 18ஆ கொறைச்சது 2025 செப்டம்பர்லதான்.

வந்து மாட்டினதும் பையன் மொகம் தொங்கிப் போச்சு. "அப்பா, பழசுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலை." மேல மாடி, தில்லி, இந்தூர் எல்லா வீட்லயும் மொத நாள் இதே வசனம்தான் பேசியிருக்காங்க! விஷயம் ரொம்ப சின்னது. மானிட்டர் 165ஆ இருந்தாலும் விண்டோஸ் பல நேரம் அதை 60லயே ஓட்டிட்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு உள்ள போயி நாமளேதான் மாத்தணும். அங்க 165 கண்ணுலயே படலைன்னா கேபிளைப் பாக்கணும். நெறைய மாடல்ல எச்டிஎம்ஐ வழியா 144 வரைக்கும்தான் வரும், முழுசும் வேணும்னா டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். தில்லித் தம்பி ஒரு மாசம் 60லயே ஓட்டிட்டு "சும்மா ஏமாத்தறானுங்க"ன்னு திட்டிக்கிட்டிருந்தான்.

மாத்தினப்புறம் வித்தியாசம் தெரியுதான்னா, தெரியுது. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிக்கும், 165ல 6 மில்லிசெகண்ட். வெளையாடாத எனக்கே எக்செல் ஷீட்டை கடகடன்னு கீழ இறக்கும்போது தெரிஞ்சுது. எழுத்து இழுபடாம கூடவே வருது. மறுநாள் ஆபீஸ் மானிட்டர்ல உக்காந்தா மாட்டு வண்டில ஏறின மாதிரி இருந்துது. ஆனா 100க்கு மேல போகப் போக ஆதாயம் கொறைஞ்சுக்கிட்டே வரும். 144க்கும் 165க்கும் வித்தியாசம் சொல்றவன் இருந்தா அவன் காலைத் தொட்டுக் கும்பிடணும். அந்த 21 ஹெர்ட்ஸுக்காக ரெண்டாயிரம் கூடக் குடுக்காதீங்க.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர் அனுப்பறதைத்தான் மானிட்டர் காட்டும். மேல மாடி வீட்ல இருக்கறது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். வேலோரன்ட் மாதிரி லேசான ஆட்டம்னா சமாளிக்குது. கனமான ஆட்டம் போட்டா நொடிக்கு 30, 40 படம் வந்தாலே பெரிசு. மீதி ஹெர்ட்ஸெல்லாம் டார்மன்ட் அக்கவுன்ட் மாதிரி சும்மா கெடக்கு.

*

கோயமுத்தூர்க்காரர் வாங்கினது 27 இஞ்ச், வளைஞ்ச திரை, விஏ பேனல். கடைக்காரர் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாராம், "பெரிசா இருக்கே"ன்னு எடுத்துட்டார். இதுவும் 1920க்கு 1080தான். எங்க 24 இஞ்ச்ல இருக்கற அதே புள்ளிகளைத்தான் 27 இஞ்ச்ல பரப்பி வெச்சிருக்கு. ஒரு இஞ்சுக்கு எங்களுது 92 புள்ளி, அவருது 82 (வகுத்துப் பாத்துக்கங்க). படம் பாக்க ஒண்ணும் தெரியாது. ஆனா அவர் வீட்டம்மா வீட்லேர்ந்தே அக்கவுன்ட்ஸ் வேலை பாக்கறவங்க, எட்டு மணி நேரம் எழுத்தையே பாக்கணும். "எழுத்து ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கு"ங்கறாங்க. 27 இஞ்ச்தான் வேணும்னா 2560க்கு 1440 பாத்து வாங்கணும், இஞ்சுக்கு 109 வரும். இப்ப அதுவும் இருபதாயிரத்துக்குள்ள தேடினா கெடைக்குது.

அவர் பையனுக்கு வேற புகார். ஆட்டத்துல ராத்திரி சீன் வந்தா நகர்ற உருவத்துக்குப் பின்னாடி கறுப்பா ஒரு தீற்றல் வருது, ஈரத் துணில மையைத் துடைச்ச மாதிரி. விஏ பேனலோட சுபாவம் அது. ஆழமான கறுப்பு காட்டும், ஐபிஎஸ்ஸை விட மூணு மடங்கு கான்ட்ராஸ்ட், ஆனா இருட்டு நெறத்துலேர்ந்து இன்னொரு இருட்டு நெறத்துக்கு மெதுவாத்தான் மாறும். மெனுவுல ஓவர்டிரைவ்னு ஒண்ணு இருக்கும், அதைக் கூட்டினா கொறையும். ரொம்பக் கூட்டினா உருவத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு நிழல் மொளைக்கும். நடுவுல வெச்சுட்டு விட்டுடுங்க. அதே வீட்ல ராத்திரி விளக்கை அணைச்சுட்டு சினிமா பாத்தா அருமையா இருக்கு, எங்களுதுல கறுப்பு சாம்பலாத்தான் தெரியும். அதையும் சொல்லணும் இல்லையா.

"பெட்டி மேல 1 மில்லிசெகண்ட்னு போட்டிருந்தானே சார்?"ன்னு கேட்டார். எனக்கு ஃபிளாட் ரேட் ஞாபகம் வந்துது. வண்டிக் கடன் விக்கறவர் "எட்டே பர்சென்ட்"னு சொல்வார். மூணு வருஷம், ஃபிளாட் ரேட்ல. கொறையற பாக்கிக்கு வட்டி போடற நம்ம கணக்குக்குக் கொண்டு வந்தா அது பதினாலரைக்குக் கிட்ட. பொய் சொல்லலை, அளக்கற கோலைத்தான் மாத்திட்டார். இங்கயும் அப்படித்தான். ஜிடிஜின்னு ஒரு அளவு, எம்பிஆர்டின்னு ஒரு அளவு. முன்னது ஒரு புள்ளி நெறம் மாற எடுத்துக்கற நேரம், அதுலயும் இருக்கறதுலயே வேகமான மாத்தத்தை எடுத்துப் போட்டுக்கலாம். பின்னது பின்விளக்கை வெட்டி வெட்டி எரிய வெச்சு கண்ணுக்குத் தெரியற மங்கலைக் கொறைக்கற வித்தை. அதைப் போட்டா வெளிச்சமும் கொறைஞ்சுடும். எந்த ஒண்ணுன்னு சின்ன எழுத்துல இருக்கும். எச்டிஆர்னு போட்டிருக்கறதும் இதே ரகம்தான். இந்த விலைல அந்த சிக்னலை வாங்கிக்கும், அவ்வளவுதான். ஜொலிக்கற அளவுக்கு வெளிச்சம் கெடையாது. நாலு வீட்லயும் அதை அணைச்சுத்தான் வெச்சிருக்கோம்.

*

இனிமேதான் முக்கியமான விஷயம்.

மானிட்டர் வந்த நாலாம் நாள் தங்கமணி அதுல ரயில் டிக்கெட் பாத்துட்டிருந்தாங்க. "ஏங்க, இங்க என்னமோ ஒட்டிட்டிருக்கு"ன்னு மைக்ரோஃபைபர் துணியால துடைக்கறாங்க, துடைக்கறாங்க, போகலை. வெள்ளைப் பக்கத்துல தெரியவே தெரியாத ஒரு புள்ளி, கருப்பா ஒரு படம் வந்தா பளிச்சுன்னு பச்சையா நிக்குது. நடுவுலேர்ந்து ரெண்டு விரக்கடை வலது பக்கம். ஜூனியரைப் பாத்தேன். அவன் செவுத்தைப் பாத்தான். ரெண்டாம் நாளே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சொன்னா நான் திருப்பி அனுப்பிடுவேன், பணம் திரும்பி வந்தா "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு ஆயிடும்னு வாயைத் தெறக்கலை. "எனக்கு அது தொந்தரவே இல்லப்பா"ங்கறான். ஒம்பதாயிரம் போட்டவன்! எட்டு வருஷச் சேமிப்பு அது.

1920க்கு 1080ன்னா 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி. ஒவ்வொண்ணுலயும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு. 62 லட்சத்துக்கு மேல. அதுல ஒண்ணு அணையாம மாட்டிக்கிச்சு. தயாரிப்பாளர் வாரன்டி காகிதத்தை எடுத்துப் படிச்சேன். (கடன் பத்திரம் படிச்சே வயசானவன், இதெல்லாம் எனக்கு நாவல் மாதிரி.) இத்தனை புள்ளி வரைக்கும் கெட்டிருந்தா அது கோளாறா எடுத்துக்கப்படாதுன்னு இருக்கு. பல கம்பெனிக்கும் இந்த மாதிரி ஒரு வரம்பு உண்டு. வாரன்டி வழில போனா ஒண்ணும் நடக்காது.

ஆனா வித்தவரோட ஏழு நாள் மாத்திக் குடுக்கற திட்டம் தனி. அதுல புள்ளி எண்ணிக்கைப் பேச்சே இல்லை, 'பழுதான பொருள்'னு மட்டும்தான் இருந்துது. கூப்பிட்டப்ப அந்தப் பொண்ணு "நீங்க தயாரிப்பாளர் சர்வீஸ்ல பேசுங்க"ன்னு சொன்னாங்க. பேசப் போனா மூணு நாள் அதுலயே ஓடியிருக்கும். நான் போகலை. உங்க திட்டத்துல இந்த வரி இருக்கு, படிக்கறேன் கேளுங்கன்னு படிச்சேன். போட்டோ கேட்டாங்க, கருப்புத் திரைல எடுத்து அனுப்பிச்சேன். ஆறாம் நாள் வந்து எடுத்துட்டுப் போயி வேற குடுத்தாங்க. புதுசு வந்த அன்னிக்கு ஜூனியர் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு அஞ்சு படம் முழுத்திரைல போட்டு அரை மணி நேரம் மூக்கு ஒட்டற மாதிரி பாத்தான். அப்புறம்தான் சாப்பிட வந்தான்.

தில்லித் தம்பி வீட்ல இதே மாதிரி புள்ளி, ஓரமா. அவன் கவனிச்சது பன்னெண்டாம் நாள். வித்தவர் நாள் முடிஞ்சுதுன்னார், தயாரிப்பாளர் வரம்புக்குள்ள இருக்குன்னார். ரெண்டு வருஷமா அதோடதான் குடித்தனம். "சரியா நடுவுல இருந்திருந்தா குறி பாக்கவாவது உதவியிருக்கும்"ங்கறான் அவன் பையன்.

அதனால வாங்கின அன்னிக்கே அந்த அஞ்சு நெறத்தையும் போட்டுப் பாருங்க. ராத்திரி விளக்கை அணைச்சு கருப்புத் திரைல மூலைகளையும் பாருங்க. தலையை நகர்த்தினா கூடவே நகர்ற மங்கல் வெளிச்சம் ஐபிஎஸ்ஸுக்குப் பொறவிக் கொணம், விட்டுடலாம். நகராம ஒரே எடத்துல ஒழுகுற மாதிரி தெரிஞ்சா மாத்தக் கேளுங்க.

*

மாத்தல் உத்தியோகக்காரங்களுக்குன்னு தனியா ஒரு சமாச்சாரம் இருக்கு. மதுரைக்காரர் இந்தூருக்குப் போனப்ப அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தார். மூட்டை கட்டறவங்க மானிட்டரைப் போர்வைல சுத்தி பீரோவுக்குப் பக்கத்துல சொருகிட்டாங்க. இறக்கினா திரைல செலந்தி வலை. கீழ விழுந்து ஒடைஞ்சதுக்கு எந்த வாரன்டியும் வராது. திரை மாத்தற கூலி கேட்டா புதுசுக்குக் கிட்ட வந்துது. அவர் வாங்கின ரெண்டாவது மானிட்டரைத்தான் நான் மேல கணக்குல சேர்த்திருக்கேன்.

அந்த ரெண்டாவதுல பதினாலாம் மாசம் குறுக்கால ஒரு கோடு விழுந்துது. மூணு வருஷ வாரன்டி. அங்க இருந்த சர்வீஸ்ல "பில் வேற ஊர் பில்லு, அங்கேயே குடுங்க"ன்னுட்டாங்க. என்கிட்ட போன் பண்ணார். 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுல புகார் பதியச் சொன்னேன். இன்னொண்ணும் சொன்னேன். 2019 நுகர்வோர் சட்டம், 2020 ஜூலைலேர்ந்து அமல்ல இருக்கறது, அதுப்படி வாங்கின ஊர்லதான் வழக்கு போடணும்னு இல்லை, நாம குடியிருக்கற ஊர், வேலை பாக்கற ஊர் மாவட்ட ஆணையத்துலயே போடலாம். அஞ்சு லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கெடையாது. நம்மள மாதிரி மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் பாக்கறவங்களுக்கு இதைவிட ஒசத்தியான சட்டப்பிரிவு இல்லைன்னு நெனைக்கறேன். வழக்கு வரைக்கும் போகலை. புகார் எண்ணோட மெயில் அனுப்பின பத்தாம் நாள் ஆள் வந்து பேனலை மாத்திட்டார். பில்லை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வெச்சுக்கங்க, பின்னாடி இருக்கற சீரியல் நம்பரையும் சேர்த்து.

எங்க வீட்ல இப்ப அந்த அட்டைப்பெட்டிதான் பிரச்சனை. பரண்ல கொலு பொம்மைப் பெட்டிங்களுக்கே எடம் பத்தலை, இதை எங்க வெக்கறதுன்னு தங்கமணி ரெண்டு நவராத்திரியா கேட்டுட்டிருந்தாங்க. இந்தத் தடவை அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாச்சு. தெர்மோகோலுக்கு நடுவுல திரை உக்கார்ற பள்ளத்துல தசாவதார செட்டைப் பழைய காட்டன் புடவைல சுத்திப் படுக்க வெச்சுட்டாங்க. கச்சிதமாப் பொருந்துது. வாமனர் கொடை மட்டும் கொஞ்சம் இடிக்குதாம், தெர்மோகோலை ஒரு ஓரம் வெட்டிக்கட்டுமான்னு கேக்கறாங்க. வாரன்டி முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு, அடுத்த மாத்தலும் அதுக்குள்ள வரும்னு சொல்லியிருக்கேன்.