பி.காம். மாணவன் கட்டிய ப்ரீசெலக்டர்

கணக்குப் பதிவியல் படிக்கிறவனுக்குக் காயில் சுற்றுகிற வேலை எதற்கு என்று வகுப்பில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அப்பாவுக்குக் கடிகாரம் பழுது பார்க்கும் தொழில். வீட்டு முன்னறைதான் கடை. பேட்டரி மாற்றத்தான் பெரும்பாலும் ஆட்கள் வருகிறார்கள். ஆனாலும் சாவி கொடுக்கும் வாட்சு மாதத்துக்கு நாலைந்தாவது வரும். அதைக் கழுவி, எண்ணெய் போட்டு, கடைசியில் நேரம் சரிபார்க்க வேண்டும். இன்று ஒரு குறிப்பிட்ட நொடியில் முள்ளை வைத்து, நாளை அதே நேரத்தில் எத்தனை நொடி முந்தியிருக்கிறது, பிந்தியிருக்கிறது என்று பார்த்து ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்துவார்.

இதற்கு அவருக்குத் துணை ஒரு பழைய சிற்றலை ரேடியோ. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரு காலத்தில் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியுடன் நொடிக்கு நொடி நேரக்குறி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அது நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. இப்போது எங்கள் பக்கம் கேட்பது சீனாவின் பி.பி.எம். நிலையம். ஷான்ஷி மாநிலத்துப் புச்செங்கிலிருந்து 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருவதால் டிக் சத்தம் நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாகும். கை வாட்சுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"போன்ல பார்த்தா போதாதாப்பா?" என்று கேட்டேன். "போன்னா கண்ணு ரெண்டு இடத்துக்கு ஓடணும்டா. ரேடியோன்னா காது அங்க, கண்ணு முள்ளு மேல" என்றார். கண்ணில் லென்ஸ் மாட்டி வேலை செய்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ராத்திரியில் அவருக்கு வாகாக வருவது 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் சில மாதங்களாக அங்கே டிக் சத்தத்தின் மேல் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். பாட்டு வேறு. அப்பா ரேடியோவைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்குச் சந்தேகம். ரேடியோ கெட்டுப்போனால் கேட்காமல் போக வேண்டும். இது ஒன்றுக்கு இரண்டாக அல்லவா கேட்கிறது?

சாதாரண ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோது விடை கிடைத்தது. நாம் முள்ளை எங்கே வைக்கிறோமோ அதைவிட 0.455 மெகாஹெர்ட்ஸ் அதிகமாக ஒரு அலையை ரேடியோ தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பெருக்கிக் காட்டும். 5.000-ல் முள்ளை வைத்தால் உள்ளே 5.455. வித்தியாசம் 0.455. சரி. இப்போது 5.910-ல் ஒரு பலமான நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.910-லிருந்து 5.455 போனால்? அதே 0.455!

அதாவது ரேடியோவுக்கு இரண்டும் ஒன்றுதான். 5.910 என்பது 49 மீட்டர் பேண்டைச் சேர்ந்தது. ராத்திரியில் பெரிய பெரிய ஒலிபரப்பு நிலையங்கள் உட்காரும் இடம். இப்படி வருகிற போலிக்கு இமேஜ் என்று பெயர்.

இங்கேதான் என் பாடம் கைகொடுத்தது. இரண்டு பேர் கட்டிய பணத்தை நரேஷன் எழுதாமல் ஒரே கணக்கில் ஏற்றிவிட்டால், அப்புறம் எந்த ஆடிட்டர் வந்தாலும் அந்தக் கணக்கை வைத்து மட்டும் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. கல்லாவில் வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். ரேடியோவும் அப்படித்தான். இரண்டும் 0.455 ஆகிவிட்ட பிறகு எந்த ஃபில்டரும் உதவாது. உதிரிபாகக் கடையில் "பூஸ்டர் போடுங்க தம்பி" என்றார்கள். பூஸ்டர் வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்துத்தான் தூக்கும். தேவைப்பட்டது வாசலில் ஒரு காவல்காரன். அதுதான் ப்ரீசெலக்டர். ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு காயிலும் ஒரு கண்டென்சரும், அவ்வளவே. பேட்டரிகூட வேண்டாம்.

செய்முறை இதோ. 25 மில்லிமீட்டர் வயரிங் பைப் துண்டு ஒன்று. மோட்டார் வைண்டிங் கடையில் 20 கேஜ் எனாமல் கம்பி. பைப்பின் மேல் நெருக்கமாக 14 சுற்று. கணக்குப்படி இது 4.8 மைக்ரோஹென்றி சுமாருக்கு வரும். இதன் இரு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரோடு இணைக்க வேண்டும். 365 பிகோஃபாரட் வரை போகும் கேங் என்றால் ஏறக்குறைய 4-லிருந்து 14 மெகாஹெர்ட்ஸ் வரை திருப்பலாம். 5 மெகாஹெர்ட்ஸுக்கு 210 பிகோஃபாரட் வேண்டும், அதாவது நடுவாந்திரமான இடம். பெரிய காயிலின் ஒரு பக்கம் மூன்று சுற்று ஆன்டெனாவுக்கு, மறுபக்கம் மூன்று சுற்று ரேடியோவுக்கு. மூன்று காயிலிலும் ஒவ்வொரு முனை எர்த்துக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னையும் எர்த்தோடு சேர்த்தாயிற்று. மொத்தச் செலவு 185 ரூபாய்.

இரண்டு விஷயம் முக்கியம். ரேடியோவின் குச்சி ஆன்டெனாவை மடக்கியே வைத்து, அதன் அடியில் கிளிப் போட வேண்டும். நீட்டிவிட்டால் காவல்காரனைத் தாண்டிச் சுவரேறிக் குதிப்பதுபோல் எல்லா அலையும் நேராக உள்ளே போய்விடும். மொட்டை மாடிக் கம்பியைக் கரண்டுக் கம்பிக்குப் பக்கத்தில் கட்டவே கூடாது. இடி மின்னல் வரும்போலத் தெரிந்தால் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும்.

முதல் நாள் ராத்திரி மாட்டியதும் அப்பா, "சத்தம் குறைஞ்சிருக்கே" என்றார். உண்மைதான். ப்ரீசெலக்டர் எதையும் கூட்டித் தராது, கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் கேங்கை மெதுவாகத் திருப்பியபோது ஓரிடத்தில் பேச்சுக்காரர் பின்னால் போய்விட்டார். டிக், டிக், டிக் முன்னால் வந்தது. காயிலின் தரக்காரணி 40 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 5.910-ன் பலம் 13-ல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். காதுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் பட்டது. முழுக்க ஒழியவில்லை. ஆனால் முள்ளை வைக்க அது போதும். அப்பா ஒன்றும் சொல்லாமல் லென்ஸை மாட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் காத்திருந்த ஒரு வாட்சை எடுத்தார். ரேடியோ காயலான் கடைக்குப் போகவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் அதே காயில் இமேஜை 6-ல் ஒரு பங்காகத்தான் குறைக்கும். மேலே போகப் போக, அதே 0.910 வித்தியாசம் அதற்குச் சின்ன இடைவெளியாகிவிடுகிறது. இன்னொன்று, எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் சரியாக 5 மெகாஹெர்ட்ஸிலேயே வந்தால் ப்ரீசெலக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மருந்து சுவிட்சை அணைப்பதுதான்.

அப்பா அதையே செய்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் முள்ளைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் வாட்சோடு வருகிறவர்கள், கடை பூட்டிவிட்டதென்று திரும்பிப் போய்விடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.