அவர் பெயரில் மூன்று பேர்

புனே நகரின் பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் 21 ஆண்டுகள் கணக்கு எழுதியவர், 2023 ஜனவரியில் ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 49. மனைவிக்கு 44. மகள் கல்லூரியில், மகன் ஒன்பதாம் வகுப்பில். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து கும்பகோணத்து உறவினர்கள் ரயிலேறினார்கள். அன்று இரவே அந்தப் பெண்மணி பீரோவிலிருந்து பச்சை ஃபைலை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பிரித்தார். அடுத்த பத்து மாதங்கள் அந்த மேஜையில் யாரும் சாப்பிடவில்லை.

முதல் காகிதம் சுலபமாகத்தான் வந்தது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்துவிட்டது. சான்றிதழின் பத்துப் பிரதிகளைக் காசு கட்டி வாங்கிவந்த பிறகு மகள்தான் கவனித்தாள், மராத்தியில் அப்பா பெயரில் ஒரு எழுத்து தவறு. பத்தும் வீண். திருத்தி வாங்க மூன்று வாரம்.

ஆனால் அது ஒரு எழுத்துதான். பெரிய சிக்கல் பெயரிலேயே இருந்தது. சம்பளப் பதிவேட்டில் அவர் ஒற்றைத் தலைப்பெழுத்துக்காரர். வங்கியில் ஊர்ப் பெயரும் சேர்ந்து இரண்டு எழுத்து. ஆதாரில் தலைப்பெழுத்தே இல்லை. அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வந்து நின்றது. அங்கே எந்தப் படிவமும் 'சர்நேம்' கேட்காமல் விடுவதில்லை. தமிழனுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதைக் கேட்க எந்த கவுன்ட்டருக்கும் பொறுமையும் இல்லை. கணவருக்கு சர்நேம் அவருடைய அப்பா பெயர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சர்நேம் கணவர் பெயர். "குடும்பப் பெயரே வேறாக இருக்கிறதே, இவர் உங்கள் கணவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று வங்கியில் ஓர் இளைஞர் கேட்டார். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவரிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் வாதாடவில்லை. மறுநாள் கணவரின் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய், மனைவி என்ற இடத்தில் தன் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். கல்யாண ஆல்பமும் பையில் இருந்தது. நல்லவேளையாக அதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயுள் காப்பீட்டுப் பணம் தொல்லையில்லாமல் வந்துவிட்டது. நாமினி அவர்தான். பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான் நாமினி, உரிமையாளர் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1983இல் சொல்லியிருந்தது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு ஃபிக்சட் டெபாசிட், கணவர் பெயரில் மட்டும், நாமினி இல்லாமல் கிடந்தது. "தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஊரிலிருந்து ஃபோனில் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது சரி. மகாராஷ்டிரத்தில் வாரிசுச் சான்றிதழ் தருவது சிவில் கோர்ட். அதுவும் 1827ஆம் வருஷத்து பம்பாய் ரெகுலேஷன் ஒன்றின்படி. வெள்ளைக்காரன் போய்விட்டான், ரெகுலேஷன் போகவில்லை.

அந்த மனுவில்தான் மாமியாரின் பெயர் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. தெரிந்தவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "கும்பகோணத்தில் இருக்கிற கிழவியை எதற்கு இழுக்கிறீர்கள், விட்டுவிடுங்கள். யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். பையன் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் மனசில் ஓடாமல் இல்லை. இரண்டு நாள் மனு மேஜையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் நான்காவது பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிராவிடண்ட் ஃபண்டில் காத்திருந்தது வேறு அதிர்ச்சி. 2002இல், கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், வேலையில் சேர்ந்த அன்று நிரப்பிய படிவத்தில் நாமினி என்று தம்பியின் பெயரை எழுதியிருக்கிறார் மனிதர். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. கணக்கு எழுதுவதே தொழில். சொந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. மைத்துனரோ அதற்குள் ஃபோன் செய்வதைக் குறைத்திருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் இரவெல்லாம் யோசித்தார். அவரும் கூப்பிடவில்லை.

ஆபீசில் ஒரு வயதான குமாஸ்தா, "தாயி" என்று அழைத்து உட்காரவைத்தார். மராத்தியில் அக்கா என்று பொருள். குடும்பம் உள்ள உறுப்பினர் குடும்பத்தில் சேராத ஒருவரை நியமித்தால் அது செல்லாது, பி.எஃப். விதியில் சகோதரன் குடும்பத்தில் சேர மாட்டான், ஆகவே மனைவி, மகள், மைனர் மகன், மகனை நம்பியிருந்த தாய் என நால்வருக்கும் சம பங்கு என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பி.எஃப்., பென்ஷன், வேலையில் இருக்கும்போதே இறப்பவருக்கான ஈ.டி.எல்.ஐ. காப்பீடு மூன்றுக்கும் ஒரே படிவம் போதும். அந்தக் காப்பீட்டுக்கு ஊழியர் ஒரு பைசா கட்டுவதில்லை. 2021 முதல் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். கம்பெனியில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்கவில்லை. தெரியாததாலா, கேட்கவில்லை என்பதாலா? இரண்டுமாக இருக்கலாம்.

அன்று இரவு மைத்துனருக்கு ஃபோன் செய்தார். "தம்பி, அந்த நாமினி விஷயம்..."

"அண்ணி, எனக்கு அண்ணன் அப்போதே சொல்லியிருக்கிறான். அதை நானாக எடுத்துப் பேசினால் பணத்துக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்களோ என்றுதான் ஃபோன் செய்யவே தயங்கினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்."

போட வேண்டிய அவசியம் இல்லை என்றார் இவர். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பெயர் வித்தியாசத்துக்குக் கம்பெனி ஒரு கடிதம் தர வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் ஐந்து நடை. நவம்பரில் பணம் வந்தது, விதவை பென்ஷனும் ஆரம்பித்தது. இரு பிள்ளைகளுக்கும் 25 வயதுவரை தாயின் பென்ஷனில் கால் பங்கு தனியாக உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்றும் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். முதல் தடவை மகள்தான் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினாள்.

மாமியாரின் பங்கு மட்டும் இரண்டு மாதம் தாமதம். ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். பாஸ்புக்கில் தலைப்பெழுத்தாக அப்பா பெயர்.