வைப்பாறு போய்ச் சேரும் இடம்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பலருக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். சாமி கும்பிடப் போகிற அன்றைக்கு முங்கி எழுகிற தண்ணீர், அவ்வளவே. ஆனால் இந்த மாவட்டத்து மழைக்கு ஒரு கடற்கரை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் விழுகிற மழை வைப்பாறாகி வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியே வந்து, இருக்கன்குடியில் அர்ஜுனா நதியையும் சேர்த்துக்கொள்கிறது. பிறகு விளாத்திகுளத்தைத் தாண்டி, தூத்துக்குடி மாவட்டத்து வைப்பார் கிராமத்துக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கலக்கிறது என்று சொன்னாலும், வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அது வறண்ட மணல்தான்.

சாத்தூருக்கு மேற்கே, அந்த ஆற்றங்கரையில் ஒரு சிறு விவசாயிக்கு மூன்றே முக்கால் ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கர் கரிசல் மானாவாரி. அதில் ஒரு வருடம் மக்காச்சோளம், ஒரு வருடம் பருத்தி. மீதி கிணற்றுப் பாசனம். கத்தரி, வெண்டை, மாட்டுக்குக் கொஞ்சம் தீவனப்புல். மனைவி பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறார். அந்த வீட்டில் ஒரே மழைக்கு இரண்டு கணக்கு. ஐப்பசியில் மேகம் திரண்டால் அவருக்கு முகம் மலரும். மனைவிக்கோ மருந்து காயாது, ஆலை ஓடாது, கூலி கிடையாது. மழை குறைந்த பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர் பிடித்தன. அதே காரணத்தால்தான் விவசாயம் தள்ளாடுகிறது. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இந்த இரண்டு கணக்கும் ஒரே உலையில்தான் வேகின்றன.

மழைத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்கு அசைக்க முடியாத ஒரு கருத்து இருந்தது. “இவ்வளவு தண்ணியும் வீணாப் போயி கடல்ல கலக்குது” என்பார். டீக்கடையிலும் சொல்வார், குறைதீர் கூட்டத்திலும் சொல்வார். தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத விவசாயியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிவகாசியில் கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் செல்போனில் படம் எடுப்பதில் ஆர்வம். ஊர் ஆற்றைப் படமாக எடுத்து வரச் சொன்னார்கள் என்று சொல்லி, ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்: “ஏம்ப்பா, வீணாப் போயி கலக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அது கலக்குற எடத்தப் பாத்துருக்கீங்களா?” அவர் பார்த்ததில்லை. தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடந்த நாட்கள் அவை. விளாத்திகுளத்தில் கொழுந்தியாள் வீட்டில் மூன்று பேரும் ராத்தங்கி, விடியுமுன் அங்கிருந்து கிளம்பினார்கள்.

விடியுமுன் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் மகள்தான். காரணம் இருந்தது. இரவெல்லாம் கரையில் நடமாடிய உயிர்களின் தடங்கள் காற்றும் ஆளும் மிதிக்குமுன் புதிதாகக் கிடக்கும். கிழக்கே பார்த்த கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து கிளம்பும்போது வெளிச்சம் படுக்கையாக வரும். கால் அங்குலக் குழிக்குக்கூட நிழல் விழும். பத்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் வெறும் வெள்ளை மணல்தான் தெரியும். விலை உயர்ந்த கேமரா எதுவும் அவளிடம் இல்லை. போனைத் தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடித்தாள், சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள், உப்புக் காற்று படிந்த கண்ணாடியைப் பருத்தித் துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு முதலில் கண்ணில் பட்டது மணல் உருண்டைகள். மிளகளவு உருண்டைகள், ஆயிரக்கணக்கில், ஒரு சிறு பொந்தைச் சுற்றிக் கோலம் போட்டது மாதிரி. மண்புழுக் கழிவைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. “இதையும் ஏதோ தின்னுட்டுத் துப்பியிருக்கு” என்றார். அது சரிதான். விரல் நகமளவு நண்டு மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களையும் மக்கையும் சலித்துத் தின்றுவிட்டு மணலை உருட்டிப் போட்டுவிடுகிறது. அடுத்த அலை ஏறினால் கோலம் அழியும், இறங்கினால் மறுபடி போடும்.

மனைவிக்கு வேறொன்று கிடைத்தது. நீள்வட்டமாக, வெள்ளையாக, எடையே இல்லாத ஒரு துண்டு. நாட்டு மருந்துக் கடையில் அவர் பார்த்திருக்கிற ‘கடல் நுரை’. நுரைதான் காய்ந்து இப்படி இறுகிவிடுகிறது என்று அதுவரை நினைத்திருந்தார். வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சிரித்துவிட்டார். கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் ஓடு அது. சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பொடித்து வீட்டுக் கோழிக்குத் தீவனத்தோடு கொஞ்சம் கலந்தால் முட்டை ஓடு உறுதிப்படும். அந்த அம்மா நாலைந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மண்பானையின் உடைந்த கழுத்து மாதிரி மணல் வளையங்கள் சில கிடந்தன. தொட்டால் ரப்பர் போல வளையும். அது ஒரு வகை நத்தை தன் முட்டைகளை மணலோடு பிசைந்து செய்த கூடு. கையில் எடுத்தால் முட்டை காய்ந்துவிடும், படம் மட்டும் எடுப்பதே சரி. பவளப் பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவற்றைச் செத்துக் கிடந்தாலும் தொடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எதிரே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

மணல் மேட்டில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனவை இரண்டு செடிகள். ஒன்று, ஊதாப் பூவும் ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலையுமாகப் படர்கிற அடும்புக் கொடி. இன்னொன்று, முள்ளு முள்ளாக உருண்டை கட்டி ஓடுகிற இராவணன் மீசை. வரப்பில் வெட்டிவேர் செய்கிற வேலையை இவை கரையில் செய்கின்றன. இந்த வேர்கள் இல்லையென்றால் மணல் மேடு காற்றோடு போய்விடும்.

ஆற்றுவாயைத்தான் அவர் பார்க்க வந்தது. முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றம். ஆறு கடலில் கலக்கவே இல்லை. அலை தள்ளிய மணல் திட்டு குறுக்கே வரப்பு மாதிரி கிடந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்தில் இருந்த தலையில்லாத ஒற்றைப் பனையை அடையாளமாக வைத்து, மகள் ஒரு படம் எடுத்தாள்.

பொங்கலுக்கு மறுபடி போனார்கள். அதே பனைக்குப் பக்கத்தில் நின்று அதே திசையில் இன்னொரு படம். இதில் திட்டு இல்லை, கரிசல் நிறத்தில் தண்ணீர் கடலுக்குள் நாக்கு நீட்டியிருந்தது. அந்த நிறத்தை அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் வயலின் நிறம்தான். வாயில் ஏதோ முணுமுணுத்தார். அன்றைக்கும் அந்த மீனவர் இருந்தார்.

“பாருங்க அண்ணாச்சி, எவ்வளவு தண்ணி வீணாப் போவுது” என்றார் இவர்.

“வீணா? அண்ணாச்சி, மழைத்தண்ணி எறங்குனாத்தான் ஆத்து வாய் ஒடையும். வாய் ஒடஞ்சாத்தான் எறாக் குஞ்சும் மடவக் குஞ்சும் உள்ள ஏறும். உள்ள கெடந்து வளந்து, பெருசாயித் திரும்பக் கடலுக்கு வரும். நீங்க மேலேயே அடைச்சிட்டா எங்க வலையில என்ன ஏறும்?”

“எங்க கிணத்துக்கே தண்ணி இல்லையே அண்ணாச்சி.”

“அதுவும் சரிதான். தண்ணியத்தான் விட முடியாது, மணலையாவது விடலாம்லா?”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. சொந்த ஊரில் ராத்திரியில் டிராக்டர் சத்தம் கேட்டு, யாருக்கு வம்பு என்று புரண்டு படுத்துக்கொள்கிறவர்களில் அவரும் ஒருவர். ஆறு கொண்டு வருகிற மணல்தான் கரையைக் கட்டுகிறது. அது வராவிட்டால் அலை கரையை அரிக்கத் தொடங்கும். இது கடற்கரைக்காரன் கவலை மட்டுமல்ல. ஆற்று மணல்தான் மழைத் தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல விடுகிறது. மணலை வழித்த இடத்தில் களிமண்தான் மிஞ்சும், பின்னாலேயே சீமைக் கருவேலம் ஏறும். மேலே கிணறு வற்றுவதற்கும் கீழே கரை தேய்வதற்கும் ஒரே டிராக்டர் போதும்.

கண்மாய்களை நிரப்பக் கூடாது என்று இதற்குப் பொருளல்ல. முதலில் நிரம்ப வேண்டியது கண்மாய்தான். ஆனால் ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு, அது நிரம்பினால் ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆற்றுக்கு என்றுதான் முன்னோர் வழி வைத்தார்கள். கடைசிக் கலுங்கு கடல் பக்கம் திறந்திருந்தது. அங்கே போகிற நன்னீர் உப்புத் தண்ணீரை நிலத்துக்குள் ஏறவிடாமல் எதிர்த்துத் தள்ளவும் செய்கிறது. கரையோர ஊர்களில் மோட்டார் போட்டு உறிஞ்சிய கிணறுகள் உப்பாகிப்போன கதையை அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தத் தடவை உப்பளப் பக்கத்தில் உள்ளான் கூட்டம் ஒன்றையும் மகள் படம் பிடித்தாள். சிட்டுக்குருவியளவுதான் இருக்கும், சைபீரியாவிலிருந்து வருகிறது என்றால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பனிக்காலத்தில் சோளக்காட்டில் மொத்தமாக இறங்குகிற சூறைக்குருவியும் வெளிநாட்டு விருந்தாளிதான் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த பாசியை ஒரு சாக்கு அள்ளிக்கொள்ளலாமா என்று யோசித்தார். பல விவசாயிகளுக்கும் இருக்கிற கேள்விதான் இது. கடற்பாசியில் சாம்பல் சத்தும் நுண்ணூட்டமும் உண்டு, பயிர் வளர்ச்சியைத் தூண்டுகிற பொருட்களும் உண்டு. ஆனால் அப்படியே வயலில் போட்டால் உப்பும் சேர்ந்தே வரும். கரிசலில் உப்புச் சேர்ந்தால் மண் இறுகும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வடியவிட்டு, தொழுவுரக் குப்பையோடு கலந்து மக்கவைத்த பிறகே போட வேண்டும். எழுபது, எண்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வந்து அலசுவதற்கு நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மனைவி கேட்டார். சாக்கு வெறுமனே திரும்பியது.

மூன்றாவது பயணம் பங்குனியில். ஆலையில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியும் வந்தார். இருட்டு பிரியும் நேரம். மணலில் ஒரு தடத்தைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். “பாத்தியா தாயி, இங்கயும் டிராக்டர் விட்டுட்டான்.”

டயர் பதித்த மாதிரியே பட்டை பட்டையாகத் தடம். ஆனால் ஒற்றைச் சக்கரம். கடலிலிருந்து கிளம்பி, மேட்டில் ஏறி, ஒரு வட்டம் போட்டு, மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தது. எந்த டிராக்டர் கடலிலிருந்து வரும்? மகள் மண்டியிட்டுப் படம் எடுத்தாள். வெளிச்சம் படுக்கையாக விழுந்ததில் இரண்டு பக்கமும் துடுப்பு அடித்த அடையாளம் தெளிவாக விழுந்தது. பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடுவதால் வந்த பெயர். நாற்பது கிலோ எடையை இழுத்துக்கொண்டு ஏறி, பின்காலால் குழி தோண்டி, நூறு முட்டை வரை இட்டு, மூடிவிட்டு விடியுமுன் போய்விடும். ஐம்பது நாள் போல மணல் சூட்டில்தான் குஞ்சு பொரிக்கிறது. அதற்கு மணல் இருக்க வேண்டும்.

மீனவர் வனத்துறைக்குப் போன் செய்தார். ஆள் வரும்வரை நாய் தோண்டாமல் அந்த அம்மா ஒரு பனைமட்டையோடு காவல் நின்றார். இப்படித் தடம் கண்டால் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். நாமாகத் தோண்டிப் பார்க்கக் கூடாது.

அன்றைக்கு ஆற்றுவாயில் எடுத்த படத்தில் திட்டு மறுபடி பாதி மூடியிருந்தது.

கரையில் பழகிய கை வயலிலும் உதவியது. மக்காச்சோளக் குருத்தில் புழு விழுந்தபோது மகள் விடிகாலையில் போய், இலையை விரித்துப் புழுவின் தலைக்கு நேராகப் படம் எடுத்து வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பினாள். நெற்றியில் தலைகீழ் ‘ஒய்’ குறியும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் தெரிந்தன. 2018-இல் வந்து இந்த மாவட்டத்து மக்காச்சோளத்தை உலுக்கிய படைப்புழுதான் என்று உடனே சொல்ல முடிந்தது. பெரும்பாலும் அலுவலகத்துக்கு வருவது, நடுப்பகலில் நின்றபடி எடுத்த மங்கலான பச்சைப் படங்கள். அதை வைத்து மருந்து சொல்வது குருட்டாம்போக்குத்தான்.

வெம்பக்கோட்டை பக்கத்து விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியதில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கடலில் விளைவது. வைப்பாற்றின் மேல்கரைக்காரர்கள் கடலோடு தொடர்பு வைத்திருந்தது புதிதல்ல. இடையில் விட்டுப்போயிற்று.

மே முதல் தேதி கிராம சபைக்கு அவர் நாலு படம் அச்செடுத்துக்கொண்டு போனார். மூன்று, பனையை அடையாளம் வைத்து எடுத்தவை. நாலாவது, அதே பங்குனியில் எடுத்த அவர் கிணற்றின் அடித்தளம், தண்ணீர் ஒரு சட்டி அளவு. ஆற்றில் மணல் அள்ளுவதை நிறுத்த வேண்டும், சீமைக் கருவேலத்தை எடுக்க வேண்டும் என்பது மனு. “மீனுக்கும் ஆமைக்கும் மனுக் கொடுக்கவா வந்துருக்கீக?” என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. அவர் நாலாவது படத்தை எடுத்து நீட்டினார். அது கை மாறிக் கை மாறிப் போய், சிரிப்பு அடங்கியது. கிணற்றை அடையாளம் தெரிந்த இரண்டு பேர் தங்கள் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் மணலும் கருவேலமும் ஏறின. கடல் ஏறவில்லை. “அது நம்ம ஊராட்சி எல்லையில வராதே” என்றார் எழுதியவர்.